சுவரில் ஒட்டிய கடல்

மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், கழுத்து நிறைய சம்பங்கி மாலையும் மடியில் மூன்று சால்வைகளுமாக எஸ்தர் டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். கடலூரில் அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியையாக அன்றுதான் அவருக்குக் கடைசி நாள். சித்திரை வெயில் ஓட்டுக்கூரை வழியாக இறங்குகிறது. மின்விசிறி சுற்றுகிறதே தவிர காற்று வரவில்லை.

கீழே முன்னால் பிள்ளைகள், பின்னால் பெற்றோர். பெற்றோரில் பாதிப் பேர் கடற்கரைக் கிராமங்களிலிருந்து வந்த மீனவர்கள். டீச்சர் மேல் இருந்த மரியாதைக்காகத் தொழிலுக்குப் போகாமல், சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஆனால் அவர்களில் ஒருவர்கூட மேடையைப் பார்க்கவில்லை.

எல்லாரும் இடப்பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் சிமிட்டவில்லை. உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. டீச்சருக்காக வேண்டிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

அந்தச் சுவரில் நான் வரைந்த பெரிய சார்ட் ஒட்டியிருந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் அந்தச் சார்ட்டால் விழாவே நின்றுபோகும் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் படிப்பும் அதில் மாட்டிக்கொள்ளப் போகிறது என்பதும் தெரியாது.

பவர் பட்டனில் குங்குமம்

பள்ளிக்கூடத்தில் எனக்கு என்ன வேலை என்று புதிதாகப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. திருப்பாதிரிப்புலியூரில் ரேடியோ, டேப் ரிக்கார்டர், மைக் செட் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருந்தேன். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்தால் இன்னொரு ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். எதையும் திறந்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். மூடத் தெரியாமல் திட்டு வாங்கியதும் உண்டு.

சுனாமிக்குப் பிறகு கடலோரத்துக்கு நிவாரணமாகப் படகு வந்தது, வலை வந்தது, கூடவே ஜி.பி.எஸ். செட்டும் வந்தது. செல்போனைவிடக் கொஞ்சம் தடிமனான சின்னப் பெட்டி. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களிடம் சமிக்ஞை வாங்கி, நீ நிற்கிற இடம் இதுதான் என்று எண்ணாகச் சொல்லும். ஒரு இடத்தைப் பதிந்து வைத்துக்கொண்டால், மறுபடி அங்கே போக அம்புக்குறி போட்டு வழி காட்டும். மீன் கிடைக்கிற இடத்தைப் பதிந்துகொள்வார்கள். அதற்குப் பெயர் பாயிண்டு.

கொடுத்தவர்கள் ஒரு நாள் விளக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அதன் பிறகு செட்டுகளில் முக்கால்வாசி சாமி படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. எடுத்துப் பயன்படுத்தியவர்களும் மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, பையோடுதான் அழுத்தினார்கள்.

இப்படித்தான் ஏழுமலை என் கடைக்கு வந்தார். பைபர் படகு வைத்திருப்பவர். படகின் பெயர் முத்துமாரி. ஆயுத பூஜைக்குச் செட்டைக் கழுவித் துடைத்து, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். நெற்றி என்று அவர் நினைத்த இடம் பவர் பட்டன். குங்குமம் உள்ளே இறங்கிக் கெட்டியாகிவிட்டது. பட்டன் அசையவில்லை.

“அரை மணி நேரம் ஆவும். டீ சாப்ட்டு வாங்களேன்” என்றேன்.

“பரவால்ல மெக்கானிக்கு. நா நிக்கிறன்.”

“வெயிலா இருக்கே?”

“கடல்ல இல்லாத வெயிலா? நீ செய்யி.”

என் தலைக்கு மேலே குனிந்து, மூச்சு என் கழுத்தில் படும்படி நின்றார். இவர் மட்டுமில்லை, செட்டுக் கொண்டுவரும் மீனவர்கள் எல்லாருமே இப்படித்தான். ஒருவரும் கடையில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். பேட்டரியை மாற்றிவிடுவேன் என்று சந்தேகப்படுகிறார்கள் என நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. வேறு என்ன காரணம் இருக்கும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவேயில்லை.

“அம்புக்கு எப்படித் தெரியும்?”

அந்த நேரம் பார்த்து எஸ்தர் டீச்சர் வந்தார். பள்ளிக்கூட மைக்கின் ஆம்பிளிபையரை ஒரு ஆயா தூக்கிவர, பின்னால் குடையோடு வந்தார்.

டீச்சருக்குச் சொந்த ஊர் சிதம்பரம். தினமும் அங்கிருந்து வந்து போனார். ரயில் ஓடிய வரைக்கும் ரயில். தண்டவாளத்தை அகலமாக்க ரயிலை நிறுத்திய பிறகு பஸ். சிப்காட் ரசாயன ஆலைகள் வந்தால் பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள். டீச்சர் மட்டும் கைக்குட்டையை எடுத்துவிட்டு, இன்று என்ன வாசனை என்று மோந்து பார்ப்பாராம். பக்கத்துச் சீட்டுக்காரரிடம், “நேத்து வந்ததும் இதுவும் ஒண்ணா, வேறயா?” என்று கேட்பாராம். இதை ஒரு கண்டக்டரே என்னிடம் சொல்லியிருக்கிறார். “அந்தம்மாவுக்குப் பயந்து எவனும் பக்கத்துல ஒக்கார்றதில்ல சார், பரீட்ச வச்சிடும்” என்றார்.

மேசைமேல் இருந்த செட்டைப் பார்த்ததும் டீச்சர் ஆம்பிளிபையரை மறந்துவிட்டார்.

“இது என்ன பண்ணும்?” என்று ஏழுமலையிடம் கேட்டார்.

“அம்பு காட்டும் டீச்சர். அம்பு காட்ற பக்கம் போனா மீனு. எம் பொண்ணு சுகந்தி ஒங்க பள்ளிக்கூடந்தான்.”

“அப்படியா, நல்லது. அம்புக்கு எப்படித் தெரியும்?”

“எதுக்கு?”

“எந்தப் பக்கம் காட்டணும்னு அம்புக்கு எப்படித் தெரியும்?”

ஏழுமலை என்னைப் பார்த்தார். “அது தெரிஞ்சு நமக்கு என்னா டீச்சர் ஆவப்போவுது?”

“எனக்குத் தெரிஞ்சுக்கணும்போல இருக்கே” என்றார் டீச்சர், சின்னப் பிள்ளை மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, உங்களுக்குத் தெரியுமா?”

“பாதி தெரியும் டீச்சர்.”

“போதும். வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியடு வந்து அந்தப் பாதியச் சொல்லுங்க. மீதியப் பிள்ளைங்களோட சேர்ந்து தேடிக்கலாம்.”

ஒன்பதாம் வகுப்போடு நின்றவனை வாத்தியாராக்கிய வாக்கியம் அது. இன்றைக்கும் அதை மறக்கவில்லை.

“தம்பி, கை!”

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று இருந்தது. அங்கே டீச்சர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. மற்ற வகுப்பில் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வார்கள் அல்லவா? இந்த அறைக்குள் வந்தால் பெரியவர்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள்தான் தொடலாம்.

முதல் வாரம் என்னால் முடியவில்லை. ஒரு பையன் தப்பான பட்டனை அழுத்துகிறான், திரும்பத் திரும்ப அழுத்துகிறான். என் விரல் தானாக நீள்கிறது.

“தம்பி, கை!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இழுத்துக்கொண்டேன். அன்று மட்டும் நாலு முறை. வீட்டுக்குப் போகும்போது டீச்சர் சொன்னார்: “நம்ம கை போன இடத்துல அவங்க கை நின்னுடும் தம்பி. அவங்க உடைச்சா நீங்க ரிப்பேர் பண்ணுங்க. அதுக்குத்தானே உங்களக் கூப்பிட்டேன்?”

கரையோரத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் அந்த வகுப்பில் சேர்ந்தார்கள். பழுதான செட்டு ஒன்றைத் திருப்புளியால் திறந்து பார்த்தோம். நல்ல செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நடந்தோம். நடக்க நடக்கக் கடைசி எண் மாறுவதைப் பார்த்து ஒருத்தி, “நா நடக்கறது மேல இருக்கறவனுக்குத் தெரியுதே!” என்று கத்தினாள். கூரைக்குக் கீழே வந்தால் செட்டு திக்குமுக்காடும் என்பதை நான் சொல்லவில்லை. அவர்களே சைக்கிள் ஸ்டாண்டுக்குள் போய் நின்று கண்டுபிடித்தார்கள்.

இவர்களில் ஏழுமலையின் மகள் சுகந்தி கொஞ்சம் தனி. ப்ளஸ் ஒன் படித்தாள். ப்ளஸ் டூ முடித்துவிட்டுச் சிதம்பரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்று ஆசை. அதிகம் பேச மாட்டாள். பேசினால் நான் மாட்டிக்கொள்வேன். “கடலும் ஆடுது, போட்டும் ஆடுது, எண்ணு மட்டும் எப்பிடி சார் ஆடாம நிக்குது?” என்று ஒரு நாள் கேட்டாள். இரண்டு வாரம் அலைந்து தெரிந்துகொண்டு வந்து, “கடைசி எண் ஆடத்தான் செய்யும்மா, கவனிச்சுப் பாரு” என்றேன். “பாத்துட்டன் சார், போன வாரமே” என்றாள்.

குடிகாட்டில் வலை வீசியது

இனிமேல் வருவது என் யோசனை. பழியை வேறு யார் மேலும் போட முடியாது.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதாது, அது எந்த இடம் என்று படத்தில் வைக்கத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். கிராப் பேப்பரில் கரையைக் கோடாகப் போட்டேன். துறைமுகம், கலங்கரை விளக்கம், சிப்காட் புகைபோக்கிகள் எல்லாவற்றையும் குறித்தேன். “அவங்கவங்க வூட்டு செட்டக் கொண்டாங்க. அதுல அப்பா பதிஞ்சு வச்சிருக்கற பாயிண்டு ஒண்ண எடுத்து, எண்ணப் பாத்து, கிராப்புல புள்ளி வைங்க.”

பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறை அமைதியாகிவிட்டது. பாடத்தின் அருமை அவர்களை அப்படி ஆக்கிவிட்டது என்று நினைத்தேன். மறுவாரம் ஒவ்வொருவரும் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். பரீட்சைப் பழக்கம் என்று நினைத்தேன். இந்தக் கதை முழுக்க நான் நினைத்தது ஒன்றுகூடச் சரியில்லை.

சுகந்தியின் புள்ளி கடலிலேயே விழவில்லை. கரையைத் தாண்டி, சிப்காட்டை ஒட்டி, குடிகாடு ஊருக்குள் விழுந்தது.

“உங்கப்பா குடிகாட்டுலயா வலை வீசறாரு?” என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

எஸ்தர் டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டிகிரி என்றால் என்ன, அதை அறுபதாகப் பிரித்த நிமிடம் என்றால் என்ன, ஒரு நிமிடம் மாறினால் தரையில் எத்தனை தூரம் தள்ளிப்போகும் என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். அடுத்த வாரம் சுகந்தியின் புள்ளி அழகாகக் கடலில், அடிக்கடலில் பாறைகள் உள்ள பக்கமாகப் பார்த்து விழுந்தது. டீச்சர் கை தட்டினார்.

இதெல்லாம் முடிந்து சில மாதத்தில் டீச்சரின் பணி நிறைவு விழா. ஆசிரியர்கள் சேர்ந்து குத்துவிளக்கு வாங்கினார்கள். நான் என்ன கொடுப்பது? நாலு சார்ட் அட்டைகளை ஒன்றாக ஒட்டினேன். மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து, நீல ஸ்கெட்ச் பேனாவால் கடல் வரைந்து, பிள்ளைகளின் பன்னிரண்டு புள்ளிகளையும் அதில் ஏற்றினேன். ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் படகின் பெயர். அதற்குக் கீழே எண். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று பெரிது பெரிதாக எழுதினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. டீச்சருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று விழாவன்று காலையில் போய் ஒட்டினேன்.

மச்சான் கையில் என்ன எழுதுகிறார்?

இப்போது சுவரையே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு வருவோம்.

ஏழுமலை தாமதமாக வந்தார். தன் மனைவியின் தம்பி சிங்காரத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார். சிங்காரமும் படகு வைத்திருப்பவர்தான். அவர் பால்பாயிண்ட் பேனாவால் தன் உள்ளங்கையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

“மச்சான், கையில என்னாத்த எழுதற?”

“ஒண்ணுமில்ல மாமா. டீச்சர் வூட்டு அட்ரசு.”

“டீச்சர் வூட்டு அட்ரசு செவுத்துலயா ஒட்டியிருக்கு?”

ஏழுமலை சுவரைப் பார்த்தார். நீலக் கடல். சிவப்புப் புள்ளி. பக்கத்தில் ‘முத்துமாரி’ என்று கொட்டை எழுத்து.

எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“எவன்யா செஞ்ச வேல இது?”

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

“நாலு வருசமா வச்சிருக்கன்யா! பொண்டாட்டிகிட்ட சொல்லல. கூட வர்ற ஆளுங்களக்கூட, அந்தப் பக்கம் போறப்ப படுங்கடான்னு படுக்க வச்சிட்டுதான் போவன். செவுத்துல ஒட்டி வச்சிருக்கீங்க, கல்யாணப் பத்திரிக மாதிரி!”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் என் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது பேட்டரிக்காக இல்லை. கடலுக்கு அடியில் ஒரு பாறைத் திட்டு. அதைச் சுற்றி சங்கரா மீன் அடைந்து கிடக்கும். கண்டுபிடித்தவருக்கு மட்டும் தெரிந்த வரைக்கும்தான் அது சோறு போடும். பத்துப் படகுக்குத் தெரிந்தால் ஒரே மாதத்தில் வழித்து எடுத்துவிடுவார்கள்.

ஏழுமலை மகளைக் கண்டுபிடித்துவிட்டார். “சுகந்தி! நீதான் செட்ட எடுத்துக் குடுத்த? படிக்கத்தான எடுத்துட்டுப் போறன்னு நெனச்சன். போதும் நீ படிச்சது. நாளைலேந்து பள்ளிக்கூடம் கெடயாது. பரிட்சையும் கெடயாது, ப்ளஸ் டூவும் கெடயாது. ஒங்கம்மா கூட மீன் கூடை எடு.”

சுகந்தி அசையாமல் நின்றாள். அழவில்லை. எதையோ சொல்ல வாயெடுத்து, சுற்றியிருந்த கூட்டத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டாள். அது எனக்கு விநோதமாக இருந்தது.

எஸ்தர் டீச்சர் மாலையோடு இறங்கி வந்தார். “ஏழுமலை, இங்க வேணாம். உள்ள வாங்க. சுகந்தி நீயும் வா. தம்பி, நீங்களும்.”

மூன்றாவது பக்கம்

கம்ப்யூட்டர் அறைக்குள் நாங்கள் நாலு பேர். கதவைச் சாத்தியதும் மாலையிலிருந்து சம்பங்கி வாசனை குப்பென்று நிறைந்தது.

“தப்பு எங்க மேலதான்” என்றார் டீச்சர்.

“டீச்சர் மேல இல்ல, எம்மேல” என்றேன்.

“மேல கீழ எல்லாம் எனக்கு எதுக்கு? பாயிண்டு போச்சு. திரும்ப வருமா?”

“அப்பா, செட்ட எடு” என்றாள் சுகந்தி.

“எதுக்கு?”

“எடுப்பா. இடுப்புலதான வச்சிருக்க?”

வேட்டி மடிப்பிலிருந்து மூன்று பிளாஸ்டிக் பையோடு செட்டு வந்தது.

“மீன் படம் போட்ட பாயிண்ட எடு. எடுத்தியா? இப்ப மூணாவது பக்கத்துக்குப் போ.”

“நா எங்க அந்தப் பக்கமெல்லாம் போயிருக்கன்? எனக்கு அம்பு போதும். நீயே அழுத்து.”

“நா தொட மாட்டன். இந்த ரூம்ல பெரியவங்க சொல்லித்தரப்ப கையக் கட்டிக்கணும். நாந்தான் இப்ப சொல்லித்தரன்.” கையைக் கட்டிக்கொண்டாள்.

வலைக் கயிறு அறுத்துக் காய்த்துப்போன கட்டைவிரலால் ஏழுமலை அழுத்தினார். தப்பாக அழுத்தினார். மறுபடி அழுத்தினார். எண்கள் வந்தன.

“படி.”

ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். பஸ் நம்பர் படிக்கத் தெரிந்தவருக்கு இது படிக்கத் தெரியாதா? படிக்க வேண்டும் என்று இதுவரை தோன்றவில்லை, அவ்வளவுதான். சுகந்தி அலமாரியிலிருந்து தன் கிராப் நோட்டை எடுத்துத் திறந்து வைத்தாள். “மெக்கானிக் சார் இதப் பாத்துதான் செவுத்துல எழுதினாரு. இதயும் படி.”

படித்தார். பாதியில் நின்றார். செட்டைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

“இது வேறயா இருக்கு?”

“வேறதாம்பா.”

“தப்பா எழுதிட்டியா சுகந்தி?” என்றார் டீச்சர்.

“தப்பா எழுதல டீச்சர். மாத்தி எழுதனன்.” தலையைக் குனிந்துகொண்டாள். “மொத தடவ எப்பிடி மாத்தறதுன்னு தெரியல. குடிகாட்டுல போயி விழுந்துடுச்சு. அப்பறம் நீங்கதான் நிமிஷக் கணக்கு சொல்லிக்குடுத்தீங்க. அத வச்சு சரியா மாத்திட்டன்.”

டீச்சர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். இதுவும் தப்பு.

“எவ்வளவு மாத்தின?” என்றார். குரலில் கோபமே இல்லை. சிப்காட் வாசனையைப் பற்றிக் கேட்பாரே, அந்தக் குரல்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். “சார் இருக்காரு.”

பிறகு டீச்சரின் காதில் போய்ச் சொன்னாள். டீச்சர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். “ஆழம்?” என்று கேட்டார். மறுபடி காதில் ஏதோ. “அடிப் பாவி! அதையும் யோசிச்சியா?” அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அந்த எண் இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இங்கே எழுத மாட்டேன். இந்தப் பத்திரிகை கடலூரிலும் விற்கிறது.

“மத்த பிள்ளைங்க?” என்றார் டீச்சர்.

“எல்லாருந்தான் டீச்சர். அப்பா பாயிண்ட எந்தப் புள்ள வெளிய சொல்லும்?”

“பன்னெண்டு பேருமா? பேசி வச்சுக்கிட்டீங்களா?”

“பேசினா யாரு எவ்ளோ மாத்தனாங்கன்னு தெரிஞ்சிடுமே.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“நீங்க ரொம்ப ஆசயாப் பாத்தீங்க டீச்சர். அதான்.”

இத்தனை மாதமாக டீச்சரும் நானும் கடல் என்று நினைத்துக் கொண்டாடியது ஒரு கடலே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கரையில் விழக் கூடாது, அடுத்தவர் புள்ளிமேல் ஏறக் கூடாது, சேறான இடத்தில் பாறை மீன் இருப்பதாகக் காட்டக் கூடாது. இத்தனையும் பார்த்து ஒரு எண்ணை மாற்ற வேண்டுமென்றால், அந்தப் பெட்டி என்ன சொல்கிறது என்பது எவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்க வேண்டும்! பரீட்சை வைத்திருந்தால்கூட எனக்கு இது தெரியவந்திருக்காது.

“நீங்க சும்மா சோகமா நில்லுங்க”

ஏழுமலையின் முகம் இதற்குள் மலர்ந்துவிட்டது. மலர்ந்த முகம் உடனே யோசனையில் சுருங்கியது.

“டீச்சர், நா வெளிய போயி இன்னுங்கொஞ்சம் சத்தம் போட்டுக்கலாமா?”

“இன்னும் என்னய்யா கோபம்?”

“கோவம் இல்ல டீச்சர். மச்சான் கையில எழுதியிருக்கான். நா சிரிச்சிக்கிட்டே போனா அழிச்சிடுவான்.”

“நான் பொய் சொல்ல மாட்டேன் ஏழுமலை.”

“நீங்க எதுக்கு டீச்சர் சொல்லணும்? நீங்க சும்மா சோகமா நில்லுங்க, போதும்.”

“அது இன்னிக்குத் தானா வருது” என்றார் டீச்சர்.

வெளியே போனோம். ஏழுமலை மாரில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கத்தினார். டீச்சர் மைக்கில் உண்மையை மட்டும் சொன்னார்: “இந்தச் சார்ட்ட இங்க ஒட்டினது தப்பு. மன்னிச்சுக்குங்க. கழட்டிடறோம்.” பிள்ளைகள் கழற்றப் போனார்கள். ஒரு மூலையைப் பிய்க்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு மெதுவாக அவர்கள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

மற்ற பதினோரு அப்பாக்கள் ஏன் கத்தவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்களுக்குத் தங்கள் எண்ணைப் படிக்கத் தெரியும். சுவரில் இருப்பது தன்னுடையது இல்லை என்று பார்த்த உடனே தெரிந்திருக்கிறது. தன் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் அடுத்தவன் பிள்ளை யோக்கியமாகத்தான் எழுதியிருக்கும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பிக்கை. அதனால்தான் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தார்கள்.

மறுநாள் விடியலில் முத்துமாரியின் புள்ளி இருந்த இடத்தில் நாலு படகு சந்தித்துக்கொண்டதாகக் கேள்வி. ஒருவருக்கொருவர் “சும்மா இப்பிடி காத்தாட வந்தன்” என்று சொல்லிக்கொண்டார்களாம். அதில் ஒரு படகு சிங்காரத்தினுடையது.

நாற்பதிலிருந்து இருபத்து நாலு

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவரை ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து வண்டி பிடித்து வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். அன்றும் ஒரு வேன் சிதம்பரத்துக்குக் கிளம்பியது. குத்துவிளக்கு, மாலைகள், லட்டு மீதி, ஆசிரியர்கள், கடைசிச் சீட்டில் நான். கிளம்புகிற நேரத்தில் ஏழுமலையும் ஏறிக்கொண்டார். பின்னாலேயே சுகந்தி.

“பள்ளிக்கூடம் இல்லன்னீங்களே, அந்தப் பேச்சு என்ன ஆச்சு?” என்று அவர் காதில் கேட்டேன்.

“அது எனக்கும் அவளுக்கும் இன்னும் பேசி முடியல மெக்கானிக்கு. பாயிண்டு தப்பிச்சதுக்காக அப்பன்கிட்ட மறைச்சது சரியாப்பூடுமா?” என்றார் கறாராக.

ஆனால் வேன் சிப்காட்டைத் தாண்டியதும் செட்டை வெளியே எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்தார். மூன்றாவது பக்கம்.

“நாப்பது” என்றார், வடக்கு தெற்கைச் சொல்லும் நிமிட எண்ணைப் பார்த்து. கொஞ்ச நேரம் கழித்து, “முப்பத்தொம்போது.”

“கொறையுதா, ஏறுதாப்பா?” என்றாள் சுகந்தி, முன் சீட்டிலிருந்து திரும்பாமல்.

“கொறையுது.”

“அப்ப தெக்கால போறோம்.”

“தெக்கால போறது எனக்குத் தெரியாதா? செட்டுக்குத் தெரியுதான்னு பாக்கறன்.”

ஆலப்பாக்கம் தாண்டினோம், புதுச்சத்திரம் தாண்டினோம். ஆசிரியர்கள் தூங்கிவிட்டார்கள். முப்பத்து நாலு, முப்பத்து மூணு என்று அவர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. டீச்சர் தூங்கவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் தலையசைத்துக்கொண்டே வந்தார். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று உள்ளே அடித்தது. சிதம்பரத்தில் டீச்சர் வீட்டுச் சந்துக்குள் வேன் திரும்பியபோது, “இருபத்து நாலு!” என்று ஏழுமலை ஊருக்கே கேட்கச் சொன்னார்.

டீச்சர் வீட்டில் காபி கொடுத்தார்கள், கேசரி கொடுத்தார்கள். ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் கும்பிட்டுவிட்டு வேனில் ஏறினார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் வாசலில் நின்றோம்.

ஏழுமலை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “டீச்சர், அதுல இன்னும் நாலஞ்சு பக்கம் இருக்குது போல. வெள்ளிக்கெழம கிளாசுக்குப் பெரிய ஆளுங்களும் வரலாமா?”

“தாராளமா வாங்க! உங்கள முன் பெஞ்சுல உக்கார வச்சு நானே…” என்று ஆரம்பித்த டீச்சர் நிறுத்திவிட்டார். காலையிலிருந்து அத்தனை பேச்சுக்கும் மாலை மரியாதைக்கும் கலங்காதவருக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

“நான் இருக்க மாட்டேனே, ஏழுமலை” என்றார்.

சந்தில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

“நா இருப்பன் டீச்சர்” என்றாள் சுகந்தி. டீச்சரிடம்தான் சொன்னாள், பார்த்தது அப்பாவை. “ப்ளஸ் டூ முடியற வரைக்கும் இருப்பன்.”

ஏழுமலை செட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாக மறுபடி சுற்றினார்.

“அதான் புள்ள சொல்லுதுல்ல டீச்சர்” என்றார்.